பழைய வரியா, புதிய வரியா? செஞ்சிக்காரரின் கணக்கு

செஞ்சிக்கும் வரிக்கும் பழைய பகை. கப்பப் பாக்கியைக் கேட்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தார். 1714இல் செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கு அவரோடு மோதிப் போர்க்களத்தில் மாண்டார். தேசிங்குக்கு இல்லாத ஒரு வசதி இன்று செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி அடிவாரத்தில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியருக்கு உண்டு: பழையது, புதியது என்ற இரண்டில் எந்த முறையில் வருமான வரி கட்டுவது என்பதை அவரே முடிவு செய்யலாம்.

2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 என்பதால், 12.75 லட்சம் வரை வரி பூஜ்யம்.

அதற்கு மேல்தான் குழப்பம். ஆண்டுச் சம்பளம் 13.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையில் செஸ் சேர்த்து வரி 74,100. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி பிரிவுச் சேமிப்பு 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, தேசிய ஓய்வூதியத் திட்டம் (என்.பி.எஸ்.) 50,000, வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் என எல்லாவற்றையும் காட்டினாலும் வரி 91,000. இத்தனை ரசீதைச் சேர்த்து வைத்தும் நஷ்டம்தான்!

பழைய முறையில் வீட்டு வாடகைச் சலுகை கைகொடுக்காதா? சென்னையில் கைகொடுக்கலாம். செலுத்தும் வாடகையில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையின் 10 சதவீதத்தைக் கழித்த மிச்சத்துக்கு மேல் சலுகை கிடையாது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் ஆண்டுக்கு 12 லட்சம் என்றால், மாதம் 10,000 வரை கொடுக்கும் வாடகைக்கு ஒரு பைசாகூடக் கழியாது. வாடகை மலிவான சிற்றூரில் பழைய முறை சோபிக்காததற்கு இதுவே காரணம். வெளியூரில் வாங்கிய வீட்டுக்குக் கடன் கட்டிக்கொண்டு, 60 வயதைக் கடந்த பெற்றோருக்கும் காப்பீடு செலுத்துபவர் மட்டும் ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். மற்றவர்களுக்குப் புதிய முறையே போதும்.

நெல்லும் மணிலாவும் விளையும் ஊர் என்பதால் இன்னொரு கண்ணி இருக்கிறது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லைதான். ஆனால் மற்ற வருமானத்தின் வரியைக் கணக்கிடும்போது அதையும் கூட்டிக்கொள்வார்கள். கழிவு போகச் சம்பளம் 10 லட்சம், நிலத்தில் செலவு போக 4 லட்சம் என்றால், புதிய முறையில் வரி 70,000 வரும். தள்ளுபடி 60,000தான். மிச்சத்துக்குச் செஸ்ஸோடு 10,400 கட்ட வேண்டும். நிலமில்லாத சக ஆசிரியருக்கோ அதே சம்பளத்தில் ஒன்றுமில்லை. பழைய முறைக்குப் போனால் இன்னும் மோசம்.

வரியைக் குறைக்க மனைவி பெயரில் வைப்பு நிதி போடுவது பலர் செய்யும் தவறு. கணவர் கொடுத்த பணத்துக்கு வரும் வட்டி கணவரின் வருமானத்தில்தான் சேரும். இருவரும் சம்பாதித்தால் கதை வேறு. ஆளுக்கொரு 12 லட்சம் வரம்பு உண்டு.

சம்பளக்காரர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். கடை நடத்துபவர் பழைய முறைக்குப் போய்த் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி அங்கே போக முடியாது. பழைய முறைதான் லாபம் என்று கணக்கு சொன்னால், கெடு தேதிக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். தாமதமாகத் தாக்கல் செய்தால் புதிய முறைதான்.