தூக்கத்துக்கு மூலிகையா? சான்று என்ன சொல்லுது?

பொதுத்தேர்வு நெருங்கினாலே நம்மில் பலருக்குப் படபடப்பு. படுத்தா தூக்கம் வராது. உடனே வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "அமுக்கராப் பொடியைப் பால்ல கலந்து குடி" என்பார் தாத்தா. "வல்லாரை சாப்பிடு" என்பார் அத்தை. எது உண்மையில் வேலை செய்யுது? பார்ப்போமா?

எப்படிச் சோதிக்கிறார்கள்?
மருந்து சாப்பிட்டோம் என்ற நம்பிக்கையே சிலருக்குத் தூக்கம் தந்துவிடும். அதனால் ஒரு குழுவுக்கு மூலிகையும், இன்னொரு குழுவுக்கு அதே மாதிரி தெரியும் வெற்று மாத்திரையும் தருவார்கள். யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள். கடைசியில் இரண்டு குழுவையும் ஒப்பிட்டால் உண்மை தெரியும்.

1. அமுக்கரா (அஸ்வகந்தா): 2012-இல் ஐதராபாத் ஆய்வு ஒன்று வெளியானது. 64 பேர், 60 நாள். மூலிகை சாப்பிட்டவர்களுக்கு மன அழுத்தம் நன்றாகக் குறைந்தது. 2021-இல் 5 ஆய்வுகளை (400 பேர்) சேர்த்துப் பார்த்தபோது, தூக்கம் கொஞ்சம் மேம்பட்டது தெரிந்தது. இருப்பதில் நல்ல சான்று இதற்குத்தான். ஆனா ஆய்வுகள் சின்னவை, சில வாரங்களே நடந்தவை.

2. வல்லாரை: ஞாபகசக்திக்குப் பேர்போனது. ஆனா 2017-இல் வந்த தொகுப்பாய்வில் ஞாபகசக்தி கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. கீரையாகத் துவையல் அரைத்துச் சாப்பிடலாம், உணவாக நல்லதுதான்.

3. வலேரியன்: வெளிநாட்டு மூலிகை, நம்ம சடாமாஞ்சிலுக்கு உறவுச்செடி. தூக்கமின்மைக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017-இல் கூறியது.

4. ஜாதிக்காய்: துளி அளவு சமையலுக்குச் சரி. அதிகமானால் நெஞ்சு படபடப்பு, மனக்குழப்பம் வரும். விளையாட்டு வேண்டாம்!

எச்சரிக்கை!
"மூலிகைதானே, என்ன ஆகும்?" என்பது தவறு. அமுக்கரா சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. டென்மார்க் 2023-இல் அதைத் தடை செய்தது. கர்ப்பிணிகளும் தைராய்டு உள்ளவர்களும் தாமாக எடுக்கக் கூடாது. நாமும் அரசு சித்த மருத்துவரைக் கேட்காமல் பொடி வாங்க வேண்டாம்.

நம் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. மாலைக்கு மேல் டீ, காபி வேண்டாம். படுக்கும் முன் செல்போனைத் தள்ளி வையுங்க. தினமும் ஒரே நேரத்தில் படுங்க. இதுக்குக் காசே ஆகாது!

தாத்தா சொன்னதை மதிப்போம், சோதித்தும் பார்ப்போம். அதுதான் அறிவியல்!