தெளிந்த நீரும் தூய நீரும்

லால்பேட்டையை அடுத்துள்ள வீராணம் ஏரி, 10-ஆம் நூற்றாண்டில் சோழர் அமைத்தது. நம் வயல்களுக்குப் பாயும் அதன் நீர், 2004 முதல் சென்னைக்கும் குடிநீராகச் செல்கிறது. கலங்கிய நீரில் தேற்றான்கொட்டையை உரைத்துவிட்டால் மண் அடியில் படிந்து நீர் தெளியும். ஆனால் வயலில் தெளித்த பூச்சிமருந்து மழைநீரோடு வந்து கலந்திருந்தால், அது தெளிந்த நீரிலும் கண்ணுக்குத் தெரியாது.

நம் நாட்டில் 2011-இல் தடைசெய்யப்பட்ட எண்டோசல்பான், குடிநீரில் லிட்டருக்கு 0.4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்கிறது இந்தியத் தர அளவு. அதாவது, 10 லட்சம் லிட்டரில் அரைக் கிராமும் கூடாது! இவ்வளவு சிறிய அளவை எப்படிக் கண்டறிவது?

இங்கே துணைக்கு வருவது நுண்துளைப் பொருள். பதப்படுத்திய கரியை எடுத்துக்கொள்வோம். அதன் 1 கிராமில் உள்ள துளைச் சுவர்களின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். இம்மருந்து போன்ற கரிம மாசுகள் அச்சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். கரியோடு காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடைச் சேர்த்தால் கிடைப்பது கலப்புப் பொருள். அதை 1 லிட்டர் நீரில் கலக்கி, பாத்திரத்தின் வெளியே காந்தத்தை வைத்தால், தூள் முழுவதும் ஓரிடத்தில் திரளும். ஒட்டிய மாசை 1 மில்லிலிட்டர் கரைப்பானில் முழுதும் கழுவி எடுத்தால், அது ஆயிரம் மடங்கு செறிந்துவிடும். பின்னர் ஆய்வுக்கருவி அதை அளந்து சொல்லும்.

மாசைக் கண்டறிவது அறிவியலின் பணி. மருந்துப் புட்டியை வாய்க்காலில் கழுவாதிருப்பது நம் கடமை அல்லவா?