வழுவழுப்பே உராய்வைக் குறைக்குமா?

அம்மி வழுவழுப்பாகிவிட்டால் சரியாக அரைபடுவதில்லை, அதைக் கொத்துவிக்கிறோம். குழிகள் விழுந்தால் பிடிப்பு உண்டாகும் என்பது நாம் யாவரும் அறிந்த விஷயம். ஆனால் உராய்வைக் குறைப்பதற்காகவே இரும்பு வெட்டும் உளியின் முகத்தில் குழிகளும் கோடுகளும் இடுகிறார்கள் என்றால் அங்கத்தினர்களுக்கு வியப்பாயிருக்கும். அதன் காரணத்தை இங்கு ஆராய்வோம்.

விசைத்தறியின் தண்டும், பம்புசெட்டின் தண்டும் கடைசல் இயந்திரத்தில் உருவாகின்றன. சுழலும் இரும்பை உளி சீவும்போது, சீவல் சுருண்டு, உளியின் முகத்தை மிகுந்த அழுத்தத்துடன் உரசிச் செல்கிறது. வெட்டுவதற்குச் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வுராய்விலேயே கழிகிறது. அது வெப்பமாக மாறி உளியையும் தேய்க்கிறது. வெட்டுமிடத்தில் நீரைத் தாராளமாகப் பாய்ச்சினால் வெட்டும் வேகத்தைச் சுமார் 40 சதவீதம் உயர்த்தலாம் என்று அமெரிக்கப் பொறியாளர் பிரெடெரிக் டெய்லர் 1906ஆம் ஆண்டில் அறிவித்தார். ஆயினும் சீவல் உளியின் முகத்தோடு இறுக ஒட்டிச் செல்வதால், இடையே நீரோ எண்ணெயோ புகுவது அரிது.

இக்குறையைப் போக்கவே, லேசர் ஒளிக்கற்றையைக் கொண்டு கார்பைடு உளியின் முகத்தில் நுண்ணிய பள்ளங்கள் இடப்படுகின்றன. அவை பெரும்பாலும் தலைமயிரின் பருமனுக்கும் குறைந்த அகலமுடையவை. இவற்றால் விளையும் நன்மைகள் மூன்று. முதலாவது, சீவல் உளியைத் தொடும் பரப்புக் குறைகிறது. இரண்டாவது, பள்ளங்களில் தங்கும் எண்ணெய் உராயும் இடத்திற்கே கிடைக்கிறது. மூன்றாவது, தேய்ந்த துகள்கள் இடையில் உருண்டு முகத்தைக் கீறாமல் பள்ளங்களில் அடங்குகின்றன. உராய்வு குறையவே வெப்பம் தணிகிறது. உளியின் ஆயுள் நீடிக்கிறது.

எனினும் எப்பள்ளமும் நன்மை தருமென்று கருதலாகாது. பள்ளம் மிக அகன்றிருந்தால் சீவலின் அடிப்பாகம் அதனுள் அழுந்தும். பள்ளத்தின் ஓரம் அதையும் சுரண்டும். உராய்வு முன்னிலும் மிகும். அலுமினியம் போன்ற மெதுவான உலோகத்தை எண்ணெயின்றி வெட்டினால் பள்ளங்கள் அடைபட்டுவிடும். வெட்டும் விளிம்பை மிகவும் நெருங்கி இட்டாலோ விளிம்பே உடையக்கூடும். ஆகவே, சாணைக்கல்லில் கண்டபடி கீறிய உளி இதற்கு ஈடாகாது.

இத்தத்துவம் விவசாய அங்கத்தினர்களுக்கு அந்நியமானதன்று. டீசல் என்ஜின் சிலிண்டரின் உட்சுவரில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய சாய்வுக் கோடுகளைக் காணலாம். அவை கவனக் குறைவால் விழுந்த கீறல்கள் அல்ல; எண்ணெயைத் தாங்கி நிற்பதற்கென்றே இடப்பட்டவை. அவை தேய்ந்து சுவர் கண்ணாடிபோல் ஆகிவிட்டால் எண்ணெய்ச் செலவு மிகும், புகையும் மிகும்.

ஆதலின் என்ஜினைப் பழுது பார்க்கக் கொடுக்கும் அங்கத்தினர்கள், சிலிண்டர் பளபளக்க வேண்டுமென்று வற்புறுத்தலாகாது. மூடுவதற்கு முன் அக்கோடுகள் சுவர் முழுவதும் சீராக உள்ளனவா என்று நேரில் பார்த்துக்கொள்ளுதல் நலம்.