பேரங்காடியும் பரிக்கிரக பரிமாணமும்



இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக வைக்கப்பட்டது பரிக்கிரக பரிமாணம். நம் உடைமைகளுக்கு நாமே ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, அவ்வெல்லைக்குள் வாழ்வதே இவ்விரதம். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறனில் விழையாமை ஆகிய நான்கையும் நம் குடும்பங்களில் பெரும்பாலோர் இயன்றவரை காத்து வருகின்றனர். ஐந்தாவது விரதமோ நம்மை அறியாமலேயே கைநழுவிப் போகிறது. மற்ற நான்கையும் மீறினால் மனச்சான்று உடனே சுடும். இதனை மீறும்பொழுது நமக்குக் கிடைப்பது மகிழ்ச்சியே. ஆதலால் மீறினோம் என்ற உணர்வே எழுவதில்லை.

இவ்விரதத்தின் நுட்பத்தை விளக்க, ‘மால்’ என வழங்கும் பேரங்காடிகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எடுத்துக்கொண்டு இப்பாடத்தை அமைத்துள்ளேன்.

நூல் காட்டும் இரு குறிப்புகள்

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரத்தை நாம் அறிவோம். அதன் நெறியைத் தமிழில் வழங்கும் அருங்கலச்செப்பும் நம் இல்லங்களில் பயிலப்படும் நூலே. பரிக்கிரக பரிமாண விரதத்திற்கு மாசு உண்டாக்கும் அதிசாரங்கள் ஐந்தினை ஆசாரியர் எண்ணிக் காட்டுகிறார். அவற்றுள் அளவிறந்து சேர்த்தலும் பேராசையும் அடங்கும் என்பதில் வியப்பில்லை. ஆனால் ‘விஸ்மயம்’, அதாவது வியத்தல் என்பதும் அவற்றுள் ஒன்றாக நிற்கிறது. பிறர் பெற்ற பொருளைக் கண்டு மனம் வியந்து, தன் நிலையில் நிறைவு இழப்பது அது. இன்னும் ஒரு பொருளையும் வாங்கவில்லை. ஒரு காசும் செலவாகவில்லை. எனினும் விரதத்தில் மாசு படிந்துவிட்டது!

மற்றொரு குறிப்பு அனர்த்த தண்ட விரதத்தில் உள்ளது. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குவது இது. இதன்கண் ‘பிரமாத சரியை’ என்னும் பகுதியில், வீணே நிலத்தை அகழ்தல், நீரைச் சிதைத்தல், தீயை மூட்டுதல், மரஞ்செடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, காரணமின்றி அலைதலும் பிறரை அலையச் செய்தலும் சேர்த்துக் கூறப்படுகின்றன.

வியத்தல், அலைதல் என்னும் இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

வியப்பினால் எழுந்த மாளிகை

நான்கு புறமும் அடைக்கப்பட்டு, உள்ளே குளிரூட்டப்பட்ட புறநகர்ப் பேரங்காடி முதன்முதலாக அமெரிக்காவில், மினியாபொலிசு நகரை அடுத்த எடைனா என்னும் ஊரில் 1956 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பட்டது. சவுத்டேல் என்பது அதன் பெயர். அதனை வடிவமைத்தவர் விக்டர் குரூயன். வியன்னா நகரில் பிறந்து, 1938 இல் நாட்டைத் துறந்து அமெரிக்கா சென்றவர் அவர். புறநகர் வீடுகளில் தனித்து வாழ்ந்த மக்கள், வியன்னாவின் சதுக்கங்களில் கூடுவதுபோல் ஓரிடத்தில் கூடி உரையாட வேண்டும் என்பது அவர் எண்ணம். நோக்கம் நன்று.

ஆனால் வணிகர் அதில் வேறொன்றைக் கண்டுகொண்டனர். சன்னல் இல்லாத சுவர், பகலிரவு தெரியாத ஒளி, வளைந்து செல்லும் நடைவழி, எதிரெதிரே மின்னும் கடைகள் ஆகியவற்றின் நடுவே நுழைந்தவர், தாம் எதை வாங்க வந்தோம் என்பதை மறந்து திகைத்து அலையத் தொடங்குகின்றனர். அலையும் வேளையில் வேண்டாததையும் வாங்குகின்றனர். இந்நிலைக்கு ‘குரூயன் விளைவு’ என்றே பெயர் வைத்துவிட்டனர். பிற்காலத்தில் தம் கருத்து சிதைக்கப்பட்டதைக் கண்டு நொந்த குரூயன், பேரங்காடிகளோடு தமக்கு உறவில்லை என வெளிப்படையாகவே கூறிவிட்டு, 1980 இல் வியன்னாவில் மறைந்தார்.

ஆசாரியர் விலக்கிய வியப்பும் அலைச்சலும் இங்கே வாணிக முதலாயின என்பதைக் காண்க.

வியப்பு இடம் பெயர்ந்தது

வியப்பு என்பது நிலைத்து நில்லாத இயல்பினது. இன்று கண்டு வியந்ததை நாளை கண்டால் மனம் அசைவதில்லை. ஆகவே வியப்பை நம்பி எழுந்த கட்டடம், அதனினும் பெரிய வியப்பு எழும் நாளில் தளர்வது இயற்கையே.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1976 இல் ராண்டல் பார்க் என்னும் பேரங்காடி, உலகிலேயே பெரியது என்ற விளம்பரத்தோடு திறக்கப்பட்டது. அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் அங்காடிகள் கட்டப்பட்டதும், பெருங்கடைகள் ஒவ்வொன்றாக விலகியதும் அதனைத் தளரச் செய்தன. 2009 இல் அது மூடப்பட்டது, பின்னர் இடிக்கப்பட்டது. 2018 இல் அதே நிலத்தில் அமேசான் நிறுவனத்தின் பெருங்கிடங்கு திறக்கப்பட்டது. மக்கள் நடந்து நடந்து வியந்த இடத்தில், வீட்டில் அமர்ந்து வியப்போர்க்கான பொருள்கள் அடுக்கப்படுகின்றன.

நம் சென்னையிலும் இந்நிலையைக் காணலாம். அண்ணா சாலையில் 19 ஆம் நூற்றாண்டிலிருந்து புகழ் பெற்றிருந்த ஸ்பென்சர் கடையின் பழைய கட்டடம் 1980களில் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் 1990களின் தொடக்கத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. அந்நாளில் சென்னை சென்று திரும்பியவர் எவரும் அதன் மின்படிக்கட்டைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. 2006 இல் மயிலாப்பூரில் சிட்டி சென்டர், 2010 இல் இராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013 இல் வேளச்சேரியில் பீனிக்ஸ் எனப் புதியவை தோன்றத் தோன்ற, ஸ்பென்சரின் கூட்டம் கரைந்தது. பல கடைகள் பூட்டப்பட்டன. நைட் பிராங்க் என்னும் சொத்து ஆய்வு நிறுவனம் 2024 இல் வெளியிட்ட அறிக்கை, 2023 இல் இந்தியப் பெருநகரங்கள் எட்டில் 64 பேரங்காடிகள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் காலியாகக் கிடந்தன என்று கூறுகிறது. நன்கு நடத்தப்படும் அங்காடிகளில் இன்றும் கூட்டத்திற்குக் குறைவில்லை என்பதும் உண்மையே. வியப்பு அழியவில்லை, இடம் பெயர்ந்துகொண்டே இருக்கிறது.

பேரங்காடியால் நன்மையே இல்லை எனக் கூறுவது நடுவுநிலை ஆகாது. கோடை வெயிலில் முதியோர் அச்சமின்றி நடக்கத் தளம், அமர இருக்கை, பெண்களுக்குத் தூய கழிப்பறை ஆகியவற்றை நம் கடைத்தெருக்கள் பல இன்னும் தரவில்லை. ஆனால் வியந்து நிற்கும் கண்ணுக்கு அருகில் இருப்பவர் தெரிவதில்லை. பெருங்கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிபுரியும் பெண்கள் அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் எனத் தமிழ்நாட்டில் 2021 இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்கு முன், எத்தனை ஆண்டுகள் அவர்கள் எதிரில் அமர்ந்து நாம் சேலை பார்த்தோம்! அவர்கள் கால் வலியை எண்ணினோமா?

என் விரதத்தில் படிந்த மாசு

பிறர் குறையைக் கூறிவிட்டுத் தன் குறையை மறைப்பது ஆசிரியர்க்கு அழகன்று. ஆதலின் இதனை எழுதுகிறேன்.

நான் வாழும் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் வெண்களிமண் இங்கு இத்தொழில் வளர உதவிற்று. செராமிக் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இங்கு உள்ளன. வீட்டு மின்பலகைகளில் பீங்கான் பியூஸ் கட்டைகள் இருந்த காலத்தில் அவை இவ்வூர்ச் சூளைகளிலிருந்தும் சென்றன. அகல் விளக்கும் கொலு பொம்மையும் இன்றும் செல்கின்றன.

பணி ஓய்வு பெற்ற ஆண்டில் மேல்சித்தாமூர் பார்சுவநாதர் சந்நிதியில் நான் பரிக்கிரக பரிமாணம் ஏற்றேன். பருத்திச் சேலை இருபது. சமையற் பாத்திரங்கள் இத்தனை. பீங்கான் கோப்பை பன்னிரண்டு எனக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். பல ஆண்டுகள் அது குறையின்றி நடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் உள்ள என் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, பேத்தி என்னை ஒரு பேரங்காடிக்கு அழைத்துச் சென்றாள். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. சும்மா பார்த்து வரலாம் என்றுதான் சென்றோம். ஒரு கண்ணாடி அடுக்கில், நீல விளிம்பிட்ட ஆறு வெண்ணிறக் கோப்பைகள் ஒளி வீசின. நின்று பார்த்தேன். மேல்தளம் சென்று திரும்பியபின் மீண்டும் நின்று பார்த்தேன். தள்ளுபடி விலை எனப் பணியாள் கூறினாள். பீங்கான் ஊரிலிருந்து சென்ற நான், சென்னையிலிருந்து பீங்கான் கோப்பைகளைச் சுமந்துகொண்டு ரயிலேறி ஊர் திரும்பினேன்.

அவற்றை அலமாரியில் வைக்கும்போதுதான் எண்ணினேன்: பதினெட்டு. எங்கள் வீட்டில் இருப்பவரோ இருவர்.

கோப்பை ஒன்றுக்காக மண் அகழப்படுகிறது, நீர் கலக்கப்படுகிறது, சூளையில் தீ மூட்டப்படுகிறது. பிருதிவி காயிகம், அப்பு காயிகம், தேயு காயிகம் என நாம் போற்றும் ஓரறிவுயிர்களுக்கு இதனால் வரும் துன்பம், தேவைக்காக நேரின் இல்லறத்தாரால் தவிர்க்க இயலாதது. எவரும் அருந்தாத கோப்பைக்காக நேர்ந்தால் அது அனர்த்த தண்டமே அன்றோ? மேலும், சூளையில் சுட்ட மண் மீண்டும் களிமண் ஆவதில்லை. நான் தந்த விலையைத் திரும்பப் பெறலாம். அத்தீங்கைத் திரும்பப் பெற இயலாது.

ஒரு நாள் உண்ணா நோன்பிருந்து, பழைய கோப்பைகள் ஆறினை அண்டை வீட்டிற்குக் கொடுத்தேன். எண்ணிக்கை பன்னிரண்டு ஆயிற்று. மனமோ அளவுக்குத் திரும்பவில்லை. இரவில் உறக்கம் வராதபோது கைப்பேசியைத் திறந்து, கோப்பைகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கவில்லை, பார்த்தேன், அவ்வளவே. ஒரு நாள் இரவு மணி பன்னிரண்டு அடித்தபோதுதான், விஸ்மயத்தை ஆசாரியர் ஏன் அதிசாரமாக வைத்தார் என்பது எனக்கு விளங்கிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், இப்பாடத்தை அன்றுதான் கற்றேன்.

பேரங்காடிக்காவது மூடும் நேரம் உண்டு. கைப்பேசியில் உள்ள அங்காடிக்கு அதுவும் இல்லை.

ஒரு வினாவும் விடையும்

இச்செய்தியைக் கூறியபோது என் பேத்தி கேட்டாள்: “எல்லாரும் உங்களைப் போல் எண்ணி எண்ணி வாங்கினால், உங்கள் ஊர்ச் சூளைகளில் வேலை செய்பவர்கள் பிழைப்பது எப்படி, பாட்டி?”

நல்ல வினா. தள்ளிவிடத் தக்கதன்று. அவளுக்கு நான் கூறிய விடை இது: விரதம் வாங்காதே என்று கூறவில்லை, அளவோடு வாங்கு என்றே கூறுகிறது. உடைந்த கோப்பைக்கு மாற்று வாங்கலாம். கார்த்திகைக்கு அகல் வாங்கலாம். தேவையை நம்பிய வாணிகம் மெல்ல நடக்கும். ஆயினும் ஆண்டுதோறும் நடக்கும். வியப்பை நம்பிய வாணிகமோ ஒரு பருவத்தில் பொங்கி, மறு பருவத்தில் வடிந்துவிடும். பேரங்காடியில் கடன் வாங்கிக் கடை எடுத்தவரும், அங்கு வேலைக்குச் சேர்ந்த இளம்பெண்ணும் அவ்வடிவில் அகப்பட்டு அல்லலுறுகின்றனர். மேலும், அளவுக்கு மேல் நம்மிடம் சேரும் பொருள் பூட்டி வைப்பதற்கன்று. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களாகப் பிறரைச் சென்றடைய வேண்டியது.

அட்சய திருதியையை நினைவு கூர்க. நெடுங்காலம் உணவின்றி இருந்த ஆதிபகவான் விருஷபதேவருக்கு, அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் கரும்பின் சாற்றை அளித்த நாள் அது. தானம் பிறந்த திருநாளில், பொன் வாங்க விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கும் வழக்கம் இன்று பரவிவிட்டது. கொடுத்த நாள் வாங்கும் நாளாக மாறியது எவ்வாறு என்பதை ஒவ்வொரு குடும்பமும் சிந்திக்க வேண்டும்.

இல்லப் பயிற்சி

1. அளவை வீட்டிலிருக்கும்போதே வகுத்துக்கொள்க. கடைக்குள் நுழைந்தபின் வகுக்கும் அளவு அளவாகாது. வாங்க வேண்டியதை எழுதிக்கொண்டு செல்க. எழுதாததை அன்று வாங்காதீர்.

2. வாழ்நாள் முழுவதும் ஏற்பது யமம். காலவரையோடு ஏற்பது நியமம். தொடங்குவோர் நியமமாகவே தொடங்கலாம். தசலட்சண பர்வத்தின் பத்து நாள்களில் உணவு, மருந்து தவிர எதுவும் வாங்குவதில்லை என ஏற்றுப் பார்க்கலாம்.

3. உபபோகப் பொருள்களாகிய ஆடை, பாத்திரம், அணிகலன் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒரு முறை குடும்பத்தோடு அமர்ந்து எண்ணுக. பிள்ளைகளே எண்ணட்டும், பெரியோர் குறிப்பேட்டில் எழுதட்டும்.

4. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை நம் குலத்தின் அடையாளம். அவ்வண்ணமே, விளக்கேற்றியபின் கைப்பேசியில் கடை திறவாமை என்னும் நியமத்தை நான் ஏற்றுள்ளேன். முதல் வாரம் கடினமாக இருந்தது. இப்போது உறக்கம் வருகிறது.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. விஸ்மயம் எந்த விரதத்தின் அதிசாரம்? அதற்கு உங்கள் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கூறுக.

2. முதியவர் ஒருவர் உடல்நலம் கருதிப் பேரங்காடியில் நடக்கிறார்; இளைஞர் ஒருவர் பொழுதுபோகாமல் அங்கு அலைகிறார். இவ்விருவர் செயலையும் அனர்த்த தண்ட விரதத்தின் வழி வேறுபடுத்துக.

3. உங்கள் இல்லத்தில் கோப்பைகள் எத்தனை? அருந்துவோர் எத்தனை பேர்?

மூன்றாம் வினாவிற்கு எண்ணிப் பார்த்தே விடை எழுதுக.

அறம் வளர்க! அகிம்சை வெல்க!