வெள்ளத்துக்கு எடுத்த பி.எஃப்.: வரிக் கணக்கில் கவனம்

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி பொங்கியபோது நெல்லை சந்திப்பு பேருந்து நிலையமே மூழ்கியது. இப்படியொரு நெருக்கடியில் வேலையை விட்டுவிட்டு பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுப்பவர்கள், பணிக்காலத்தை முதலில் பாருங்கள்.

தொடர்ந்து ஐந்து ஆண்டு முடிந்திருந்தால் வரி இல்லை. பழைய கம்பெனிக் கணக்கை மாற்றியிருந்தால் அந்தக் காலமும் சேரும். முடியாவிட்டால், தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பொதுவாக 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்தது என்பதற்காக மட்டும் விலக்கு கிடையாது. நிறுவனமே மூடப்பட்டு வேலை போயிருந்தால் உண்டு. அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ரிட்டர்ன் போடும்முன் பிடித்த வரியின் பதிவான படிவம் 26ஏஎஸ்-ஐ இறக்கிப் பாருங்கள். வரியில்லாத தொகையையும் விலக்கு வருமானப் பகுதியில் காட்டுங்கள். சாஃப்ட்வேர் தானாக நிரப்பியதை அப்படியே நம்பி விடாதீர்கள்.