முதலில் நிற்கும் எழுத்து

நாகர்கோவிலிலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் பேருந்தின் பலகையில் 'ராஜாக்கமங்கலம்' என்று காண்கிறோம். தமிழாசிரியர் அதனை 'இராசாக்கமங்கலம்' என்றே எழுதுவார். ரகரம் மொழிக்கு முதலில் வாராது. ஆதலின் வேற்றுமொழிச் சொல் தமிழிற் குடிபுகுங்கால் முன்னே ஓர் இகரம் பெறுகின்றது. இதனை வீண் கட்டுப்பாடு என்று எண்ணும் மாணவர் உளர். உயிரணுவினுள்ளும் இத்தகைய மொழிமுதல் விதி ஒன்று உண்டு என்று கேட்பின் அவர் வியப்பர்.

இன்ன புரதத்தை இவ்வாறு ஆக்குக என்னும் கட்டளை மரபணுவில் எழுதப்பட்டுள்ளது. அதன் படியாகிய ஆர்.என்.ஏ. என்னும் தூதில் ஏ, யூ, ஜி, சி என எழுத்துகள் நான்கே. மூன்றெழுத்துச் சேர்ந்தது ஒரு சொல்; பெரும்பாலான சொற்கள் ஒவ்வோர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். தூதைப் படித்துப் புரதம் கோப்பது ரைபோசோம். அது 'ஏயூஜி' என்னும் சொல்லில் தொடங்கும். மெத்தியோனின் என்பது அச்சொல்லின் பொருள்.

பாக்டீரியாவோ இவ்விதியிற் சற்றே நெகிழ்ச்சியுடையது. எஸ்சரிச்சியா கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் மரபணுக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 83 ஏயூஜியிலும், 14 ஜியூஜியிலும், 3 யூயூஜியிலும் தொடங்குகின்றன. ஜியூஜி இடையில் வரின் வாலின். முதலில் நிற்பின் மெத்தியோனின். 'கடல்', 'தங்கம்' என்னும் இரண்டிலும் ககரம் ஒன்றேயாயினும் இடத்தால் ஒலி வேறாகின்றதன்றோ? தொடக்கச் சொல்லுக்குச் சற்று முன்னே ரைபோசோமைப் பற்றி நிறுத்தும் எழுத்துத்தொடர் ஒன்று இருத்தலால், பாக்டீரியாவில் இக்குழப்பம் நேர்வதில்லை. ஜியூஜியும் முதலாகும் என்பதை 1967-இல் ஆய்ந்து காட்டியவருள், பிரிவினைக்கு முந்திய பஞ்சாபிற் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவும் ஒருவர். மரபுக் குறியீட்டை விளக்கியமைக்காக மறு ஆண்டே அவர் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

பயிரின் உயிரணுவில் வழக்கு வேறு. அங்கே ரைபோசோம் தூதின் தலையிலிருந்து நகர்ந்து வந்து, பெரும்பாலும் முதலில் எதிர்ப்படும் ஏயூஜியிற் படிக்கத் தொடங்கும். ஜியூஜியைக் கடந்து போய்விடும். பின்னுள்ள ஏயூஜி ஒன்றில் தொடங்கினால் புரதம் தலையிழந்து பிறக்கும். மூன்றெழுத்துக் கூட்டு பிறழ்ந்தாலோ பொருளே கெடும்.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஹைக்ரோஸ்கோப்பிக்கஸ் என்னும் மண் பாக்டீரியா ஒரு நஞ்சை ஆக்குவது. அந்நஞ்சால் தானே மடியாதவாறு அதனைக் காப்பது 'பார்' என்னும் மரபணு. இதன் தொடக்கம் ஜியூஜி. 1987-இல் பெல்ஜிய நாட்டு அறிஞர் இதனைப் புகையிலை, தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளில் இடுங்கால், தொடக்கத்தை ஏயூஜி ஆக்கினர். தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்றனுள் இது திரிதல் எனலாம். இகரம் பெற்ற இராசாக்கமங்கலமோ தோன்றல். அச்செடிகள் குளுஃபோசினேட் என்னும் களைக்கொல்லியைத் தாங்கி நின்றன.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பெண்டல் குழுவினர் உருவாக்கிய டி.எம்.எச்.-11 என்னும் கடுகிலும் பார் மரபணு உண்டு. 2022 அக்டோபரில் நடுவணரசு அதனை வெளியிட இசைந்தது. விளைச்சல் பெருகும் என்பர் ஆக்கியோர். களைக்கொல்லியே பெருகும் என்பர் மறுப்போர். 2024 சூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் தம்முள் மாறுபட்ட தீர்ப்புரைக்கவே, வழக்கு பெரிய ஆயத்துக்கு விடப்பட்டது.