பழைய டெஸ்டரை நம்பலாமா?

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பதுளைப் பக்கம் மழைக்காலம். லயத்துச் சுவர் ஊறி, பழைய வயரிலிருந்து கரண்ட் கசியும் காலமும் இதுதான். அப்போது வீட்டிலுள்ள டெஸ்டரால் குத்திப் பார்க்கிறோம். லைட் எரியலன்னா கரண்ட் இல்லைன்னு நினைக்கிறோம். டெஸ்டரே கெட்டிருந்தால்?

ஆகவே மூன்று தடவை பாருங்கள்:

1. கரண்ட் நிச்சயமாக உள்ள பிளக்கில்.
2. சந்தேகமான இடத்தில்.
3. மறுபடியும் முதல் பிளக்கில்.

முதலும் கடைசியும் எரிந்தால்தான் டெஸ்டர் நல்லது. அப்போதும் மெயின் சுவிட்சை நிறுத்தாமல் வயரில் கை வைக்க வேண்டாம்.

டெஸ்டருக்குள் உள்ள ரெசிஸ்டர்தான் 230 வோல்ட் நம் உடம்பைத் தாக்காமல் காக்கிறது. கைப்பிடி வெடித்த, தண்ணீர் புகுந்த டெஸ்டரை டேப் சுற்றிப் பாவிக்காமல் எறிந்துவிடுங்கள்.

பழசெல்லாம் குப்பையல்ல. கையால் சுற்றும் 'மெகர்' கருவியின் பெயர் இங்கிலாந்தில் 1903இல் பதிவானது. வயரின் உறை ஈரத்தில் கெட்டதா என்று அது காட்டும். வெடித்த வயர்களை மாற்றி, முனைகளைத் துடைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். முனைகள் பிரிந்திருந்தால் முள் முடிவிலிக்கும், சேர்ந்திருந்தால் பூஜ்யத்துக்கும் போனால் கருவி சரி. ஆனால் சுற்றும்போது 500 வோல்ட் வரை வரும். மெயினை நிறுத்தி, எலக்ட்ரீஷியன் மட்டுமே பாவிக்கணும்.

சுவரைத் தொட்டதும் பிள்ளைக்குச் சுர்ரென்றால் டெஸ்டரைத் தேடாதீர்கள். உலர்ந்த கையால் மெயினை நிறுத்தி, உடனே எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லுங்கள்.